திருச்சி – யாழ்ப்பாணம் விமானம்: தூரமும் நேரமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோவின் நேரடி விமானம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே பல வருடம் வாழ்ந்து, ஊரைப் பார்க்கப் போகிறவர்கள். மீதிப் பேர் நல்லூர் கோயிலைப் பார்க்க ஆசைப்படும் நம்ம ஊர்க்காரர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் விமான நிலையம் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் சுமார் 184 கி.மீ. விமானத்துறையில் பேசும் கணக்கில் 99 கடல் மைல்.

இது எவ்வளவு பக்கம் என்று புரிய ஓர் ஒப்பீடு: திருச்சி விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையமும் நேர்கோட்டில் ஏறக்குறைய இதே 184 கி.மீ.தான். கோவை மேற்கே, யாழ்ப்பாணம் தென்கிழக்கே, அவ்வளவுதான் வித்தியாசம். சென்னை இதைவிடத் தூரம், கிட்டத்தட்ட 293 கி.மீ. இதைச் சொன்னதும் பலர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வெளிநாடு என்றே நினைத்துப் பழகிய ஊர், கோவை தூரத்தில் இருக்கிறது.

இந்த 184 எப்படி வந்தது? நாமே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக. பேனாவும் காகிதமும் போதும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10 பாகை 46 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 43 கலை. யாழ்ப்பாணம் விமான நிலையம், அதாவது பலாலி, 9 பாகை 48 கலை வடக்கு, 80 பாகை 4 கலை கிழக்கு.

அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆகவே தெற்கு நோக்கி 58 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 81 கலை. நிலநடுக்கோட்டைவிட்டு மேலே வர வர தீர்க்கரேகைகள் நெருங்கும் என்பதால் இதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒன்றரை சதவீதம் குறைத்தால் போதும், 80 வரும். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்: 58-இன் வர்க்கம், 80-இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99-க்கு ஒரு துளி குறைவாக வருகிறது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 183-க்கும் 184-க்கும் இடையில் வந்து நிற்கும்.

சில இடங்களில் 190 கி.மீ.க்கு மேல் போட்டிருப்பார்கள். அது ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தது. பலாலி யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி இருப்பதால் விமான நிலையக் கணக்கு குறைகிறது. இரண்டும் சரிதான்.

184 கி.மீ.க்கு டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ‘மணிக்கு 500 கி.மீ. போகிற விமானம் இருபது நிமிடத்தில் போய்விட வேண்டாமா?’ என்கிறார்கள். நியாயமான கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த விமானம். நல்ல உயரத்தில், முழு வேகத்தில் மணிக்கு 510 கி.மீ. வரை போகும். 184 கி.மீ.யையும் அதே வேகத்தில் கடந்தால் 22 நிமிடம் ஆகும். ஆனால் எந்த விமானமும் தரையிலிருந்தே அந்த வேகத்தில் கிளம்புவதில்லை. மேலே ஏறும்போது வேகம் குறைவு. ஏறி முடிக்கவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். உயரத்துக்குப் போய்ச் சற்று நேரம் நேராகப் பறந்ததும் இறங்கும் வேலை தொடங்கிவிடும். இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி வரிசையில் நிற்க வேண்டும். ஆக மொத்தம் சக்கரம் தரையைவிட்டுத் தூக்கியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை 35 முதல் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி இருபது நிமிடம்? டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் இல்லை. இங்கே நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நின்று கதவு திறக்கத் தயாராவது வரை உள்ள நேரம். ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போவது, முன்னால் இறங்குகிற விமானத்துக்காகக் காத்திருப்பது, இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்குப் போவது எல்லாம் இதில் அடக்கம். அப்புறம் தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். அதனால்தான் சில நாள் ‘பத்து நிமிடம் முன்னாடியே வந்துவிட்டோம்’ என்று பயணிகள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் கொழும்புக்கும் திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம்தானே? அது எப்படி?

கூர்மையான கேள்வி. திருச்சியிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 417 கி.மீ. யாழ்ப்பாணத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் இருக்கும், ஏனென்றால் அந்தத் தடத்தில் போவது ஜெட் விமானம். தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது என்ற நிலையான செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் தூரத்தை ஜெட் சீக்கிரம் தின்றுவிடுகிறது.

குட்டைத் தூரத்தில் கி.மீ. பார்த்து நேரத்தைக் கணக்குப் போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். 184 கி.மீ.க்கு ஜெட் விட்டாலும் ஐந்தாறு நிமிடம்தான் மிச்சமாகும்.

பெரிய விமானம் ஏன் விடுவதில்லை?

பலாலி ஓடுபாதை சிறியது. 2019-இல் பயணிகள் விமானத்துக்காகச் சீரமைத்தபோது பயன்பாட்டுக்கு வந்த நீளம் சுமார் 1,400 மீட்டர். ஏடிஆர் 72 முழுச் சுமையோடு எழும்பச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்துக்கு முழுச் சுமையில் 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். திருச்சி ஓடுபாதை 2,480 மீட்டர் இருப்பதால் இந்தப் பக்கம் பிரச்சினை இல்லை, அந்தப் பக்கம்தான். ஓடுபாதை நீண்டால்தான் பெரிய விமானமும், அதோடு கட்டணக் குறைப்பும் பற்றிப் பேசலாம். அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் போரால் ஊரைவிட்டுப் போனவர்கள். நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், இன்னும் முழுதாகத் திரும்பக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். ஓடுபாதையை நீட்டுவது என்று பேசும்போது யாருடைய தோட்டம், யாருடைய வீட்டுக் கிணறு என்ற கேள்வியும் கூடவே வரும். என்னிடம் டிக்கெட் எடுக்க வருகிறவர்களிலேயே அந்த ஊர்க்காரர்கள் உண்டு.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேர வித்தியாசம் உண்டா?

இல்லை. இரண்டும் ஒரே நேரம். கடிகாரத்தைத் தொட வேண்டாம். 1996-இல் இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள் அரை மணி நேரம் கூட்ட வேண்டுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். வேண்டாம்.

விமானம் எந்த வழியாகப் போகும்? கடல் எவ்வளவு நேரம் தெரியும்?

நேர்கோடு போட்டால் கந்தர்வகோட்டைக்குச் சற்றுத் தெற்கே, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே போய், மல்லிப்பட்டினம் – அதிராம்பட்டினம் பக்கம் கடலைத் தொடும். அதுவரை நிலம் 86, 87 கி.மீ. அதன்பின் பாக்கு நீரிணை 90 கி.மீ.க்குச் சற்று மேல். அப்புறம் காங்கேசன்துறைக் கரை. கரையிலிருந்து ஓடுபாதை மூன்று நான்கு கி.மீ. பாதி நிலம், பாதி கடல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடலுக்கு மேலே இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். வானில் வகுத்து வைத்த பாதை ஒன்றிருக்கும், கட்டுப்பாட்டு அறையும் திருப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் அச்சு மாறாமல் இதே கோட்டில் போகாது.

நான் முதல் தடவை போனபோது இடது பக்கம் ஜன்னல் எடுத்திருந்தேன். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்ப்பதை மறைக்காது. நடு வரிசைகளில் உட்கார்ந்தால் சக்கரம் விமானத்தின் வயிற்றுக்குள் மடங்கிப் போவதைக்கூடப் பார்க்கலாம். விமானம் ரொம்ப உயரமும் போவதில்லை என்பதால் கீழே உள்ளது தெளிவாகத் தெரிந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகள் வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தோப்புகள் அவை. புதுக்கன்றுகள் நட்ட இடம் மேலிருந்து புள்ளி வைத்த கோலம் மாதிரி வரிசையாகத் தெரிந்தது. பிறகு கரையோரக் கடல், முதலில் சேற்று நிறம், அப்புறம் பச்சை. இடது பக்கம் தூரத்தில் முத்துப்பேட்டைச் சதுப்புக் காடு கரும்பச்சையாக ஒரு பட்டை.

பக்கத்து இருக்கையில் வயதான ஓர் அம்மா. ஏறியதிலிருந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். கடல் வந்ததும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு விமானம் சாய்ந்து திரும்ப, பனைமரங்கள் தெரிந்தன. ‘தம்பி, அதுக்குள்ள வந்திட்டமோ?’ என்று கேட்டார். ‘வந்துட்டோம்மா’ என்றேன். பதில் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்பதுகளில் ராமேஸ்வரம் வழியாகக் கப்பலில் இந்தக் கடலைத் தாண்டி வந்தவர் என்று இறங்கும்போதுதான் சொன்னார்.

எந்தப் பக்கம் ஜன்னல் நல்லது?

போகும்போது இடது பக்கம் முத்துப்பேட்டை, வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை முனை. வலது பக்கம் பாக்கு விரிகுடாவின் திறந்த கடல், கடைசியில் காரைநகரும் மற்றத் தீவுகளும். தீவுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் வலது பக்கம். வரும்போது அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

காற்றாலும் மழையாலும் நேரம் மாறுமா?

காற்றால் பெரிதாக மாறாது. ஜூன், ஜூலை மாதங்களில் மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும். அது யாழ்ப்பாணம் போகும்போது பின்னால் தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். இவ்வளவு குறைந்த தூரத்தில் அதனால் இரண்டு மூன்று நிமிடம்தான் கூடும், குறையும். வடகிழக்குப் பருவக் காற்று இந்தத் தடத்துக்குக் கிட்டத்தட்டக் குறுக்கே அடிப்பது, நேரத்தை அது தொடுவதே இல்லை.

மழை வேறு விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு ஊரும் ஒரே மழையில் நனையும். மேகம் தாழ்ந்து ஓடுபாதை தெரியாவிட்டால் வானிலேயே சுற்றிக் காத்திருக்க வேண்டி வரலாம், திரும்பி வரவும் நேரலாம். கல்யாணம், திவசம் என்று தேதி மாற்ற முடியாத காரியத்துக்கு அந்த மாதங்களில் போகிறவர்களிடம் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பச் சொல்வேன். வங்கக் கடலில் புயல் சின்னம் இருந்தால் இரண்டு நாள்.

வீட்டிலிருந்து கிளம்பி யாழ்ப்பாண நகருக்குள் போய்ச் சேர மொத்தம் எவ்வளவு நேரம்?

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் போகிறார், விமானம் பகல் 1 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டைவிட்டு 8.30-க்குக் கிளம்ப வேண்டும். 10 மணிக்கு விமான நிலையம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். செக்-இன் கவுன்ட்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். ‘பக்கத்து ஊர்தானே’ என்று 12.15-க்கு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். விமானம் கண்ணெதிரே நிற்கும், ஏற முடியாது.

2024-இல் பயன்பாட்டுக்கு வந்த திருச்சி புது முனையம் பெரியது. நுழைவாயிலிலிருந்து விமானம்வரை நடையே கணிசமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வையுங்கள். முனையத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நடந்து போகும் பாலம் ஏடிஆருக்குப் பொருந்தாது. கீழே இறங்கிப் போய்ப் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும்.

2 மணிக்கு அங்கே இறங்கி, குடிவரவு, சுங்கம் முடித்து வெளியே வர 3 மணி ஆகலாம். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகர் 16, 17 கி.மீ., அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மூன்றே முக்கால் மணிக்கு நகரில் இருப்பீர்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிற பயணத்தில் வானில் இருப்பது 40 நிமிடம்.

இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிவிடுகிறது. நேரடி விமானம் வருவதற்கு முன்னால் என்ன நிலைமை என்று அப்போது சொல்வேன். கொழும்பு வழியாகப் போவது 417 கி.மீ. தெற்கே பறந்து, அங்கிருந்து மறுபடி வடக்கே நேர்கோட்டில் 290 கி.மீ. வருவது. அந்த வடக்குப் பயணம் பஸ்ஸில் என்றால் ஏழெட்டு மணி நேரம். 184 கி.மீ.யில் இருக்கும் ஊருக்கு 700 கி.மீ. சுற்று. காலையில் கிளம்பினால் இரவு தாண்டித்தான் வீட்டு வாசல். சென்னை போய் மாறினாலும் 293-ம் 354-ம் சேர்த்து 647 கி.மீ.

சென்னையிலிருந்து நேராகப் போனால்?

சுமார் 354 கி.மீ. அதே ஏடிஆர் வகை விமானம், டிக்கெட்டில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம். சென்னைக்காரர்களுக்கு அதுவே வசதி. டெல்டா மாவட்டங்கள், புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் உள்ளவர்களுக்குத் திருச்சி.

கப்பலில் போவது இதைவிட லாபமா?

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கடல் தூரம் சுமார் 110 கி.மீ., பயணம் நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. திருச்சியிலிருந்து நாகைக்குச் சாலையில் மூன்றரை மணி நேரத்தைச் சேர்த்தால் விமானத்தைவிட நேரம் கூடும். ஆனால் கடலைக் கடலாகவே பார்த்துக்கொண்டு போகலாம். கடல் கொந்தளிக்கும் மழைக் காலத்தில் கப்பல் நிற்பது வழக்கம். உறுதியான தேதி வேண்டுமென்றால் விமானம், அவசரமில்லை என்றால் கப்பல்.

முன்பு இந்தப் பக்கம் விமானம் இருந்ததா?

இருந்தது. பலாலி ஓடுபாதையே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று அன்றைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைக் கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து தொடங்கியபோது, விமானம் யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அந்த டகோட்டா விமானத்தின் பெயர் சீதாதேவி. பின்னாளில் திருச்சிக்கும் ஏர் சிலோன் பறந்தது. அந்தக் காலத்தில் திருச்சிக்குப் பறந்து வந்து புடவை எடுத்துப் போனதைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிறகு போர். பல்லாண்டுகள் இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் இல்லை. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்தது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து, அதற்கடுத்து திருச்சியிலிருந்து.

லக்கேஜ் எவ்வளவு கொண்டுபோகலாம்?

டிக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு, விமான நிறுவனத்துக்கும் கட்டண வகைக்கும் ஏற்ப மாறும். சிறிய விமானம், சிறிய ஓடுபாதை என்பதால் எடை விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார்கள். தலைக்கு மேல் உள்ள பெட்டி அறையும் சிறியது, சக்கரம் வைத்த பெரிய கைப்பெட்டி உள்ளே நுழையாது. மருந்தை மட்டும் கைப்பையில் வையுங்கள். இங்கிருந்து மல்லிகைப்பூ, அங்கிருந்து ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), பனங்கற்கண்டு என்று எல்லோருமே ஏதாவது கொண்டுவருகிறார்கள். வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்பும் முன்னரே எடுத்து வைப்பது நல்லது. அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே மாதிரி பெயர் வைத்துக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இந்திய விசா கட்டாயம், யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

எல்லா நாளும் விமானம் இருக்கிறதா?

கோடை, குளிர்கால அட்டவணை மாறும்போது நாளும் நேரமும் மாறும். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் புது அட்டவணை வரும். அந்த இரண்டு சமயத்துக்கு அப்பால் உள்ள தேதிக்கு டிக்கெட் எடுப்பவர்கள், கிளம்பும் வாரத்தில் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்கும், கொடியேற்றம் தொடங்கி 25 நாள், சில வருடம் செப்டம்பர் வரை போகும். தேர், தீர்த்தத்தை ஒட்டிய நாட்களுக்கு ஏடிஆரின் எழுபத்தெட்டு இருக்கையும் சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த நாட்களில் போக நினைப்பவர்கள் மே மாதமே என்னிடம் சொல்லி வைக்கிறார்கள்.